துருத்தித் தோல்: கொங்கு நாட்டில் இரும்பும் பிறப்பும்

கரூர் பசுபதீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டப்பெயரில் ஓர் அரசன் வெங்கால நாட்டுக் கம்மாளர்களுக்குக் கொடுத்த ஆணை அது. அதன் சாரம் இவ்வளவுதான்: தன் பதினைந்தாம் ஆட்சியாண்டின் ஆடி மாதம் முதல், கம்மாளர்கள் தங்கள் வீட்டு நல்லது கெட்டதுகளில் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம். வெளியே போகும்போது காலில் செருப்பு அணிந்து போகலாம். வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசிக்கொள்ளலாம். கோவைக்கு அருகே பேரூரிலும் இதே மாதிரி ஆணை வெட்டப்பட்டிருக்கிறது.

கம்மாளர் என்றால் கொல்லர், தச்சர், தட்டார், கன்னார், சிற்பி என்ற ஐந்தொழிலாளர். கோயிலுக்குச் செப்புத் திருமேனி வார்த்தவர்கள், அரசனுக்கு வாள் அடித்தவர்கள், உழவனுக்குக் கொழு அடித்தவர்கள். இந்தக் கல்வெட்டைப் பலர் ‘அரசர் கைவினைஞர்களுக்குச் செய்த சிறப்பு’ என்று எழுதுகிறார்கள். நாம் அதைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். அந்த ஆடி மாதத்துக்கு முந்தைய ஆனி மாதம் வரை, அரசனின் வாளை அடித்தவன் காலில் செருப்பில்லாமல் நடந்தான் என்பதற்கான சாட்சி அது.

அந்தச் செருப்பைத் தைத்தவர் யார், அவருக்கும் அதே மாதிரி ஓர் ஆணை எங்கேனும் வெட்டப்பட்டதா என்று அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும்.

‘தலைமுறை தலைமுறையாக வரும் கைத்தொழில்’ என்று யாராவது உருகிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு கேள்விகளும் நினைவுக்கு வருகின்றன. சமீப காலமாக இந்த உருக்கம் அதிகமாகிவிட்டது. கைப்பேசியைத் திறந்தால் ஒரு கொல்லர் பட்டறை, ஒரு வார்ப்புச் சிலைக் கூடம், பின்னணியில் வீணை, ‘அப்பாவிடமிருந்து மகனுக்கு’ என்று ஒரு வரி. நம் மாணவர்களும் அதை விரும்பிப் பகிர்கிறார்கள். பகிரட்டும், கைத்திறன் அழகானதுதான். அந்தக் கைத்திறன் எந்த வாசல் வழியாகக் கைமாறியது, எந்த வாசல் சாத்தப்பட்டிருந்தது என்பதையும் தெரிந்துகொண்டு பகிர வேண்டும்.

கொங்கு நாட்டின் இரும்பு மிகப் பழையது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர் இதுதான் என்பது ஆய்வாளர்களின் முடிவு. 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகமும் பின்னர் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் புதுவைப் பல்கலைக்கழகமும் மாநிலத் தொல்லியல் துறையும் இங்கே தோண்டியிருக்கிறார்கள். இரும்பு உருக்கிய உலைகளும் எஃகு செய்த உலைகளும் கிடைத்தன. தாது பக்கத்துச் சென்னிமலையிலிருந்து வந்திருக்கும். இரும்பையும் கரிப்பொருளையும் மண் மூசைக்குள் வைத்து மூடி, நெடுநேரம் காய்ச்சி எஃகாக்கும் முறை இந்த மண்ணில் கிறித்துவுக்கு முன்பே இருந்திருக்கிறது. பிற்காலத்தில் ஐரோப்பியர் ‘ஊட்ஸ்’ என்று அழைத்து வியந்த தென்னிந்திய எஃகும் இப்படி மூசையில் காய்ச்சியதுதான். 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டனில் மைக்கேல் பாரடே அதை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார்.

கொடுமணலில் எனக்கு உலைகளைவிட ஓடுகள் முக்கியம். நூற்றுக்கணக்கான பானை ஓடுகளில் தமிழ் பிராமி எழுத்தில் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. கண்ணன் ஆதன், சம்பன் சுமணன் என்று இரட்டைப் பெயர்கள். முதல் பெயர் தந்தையுடையது, இரண்டாவது தன்னுடையது என்று ஆய்வாளர்கள் படிக்கிறார்கள். அப்பன் பெயர் இருக்கிறது, பின்னால் சாதிப் பெயர் இல்லை. இதை வைத்து ‘அன்று சாதியே இல்லை’ என்று நான் மேடை போட மாட்டேன். ஓட்டுச் சில்லிலிருந்து அவ்வளவு பெரிய முடிவுக்குத் தாவக் கூடாது. ஆனால் உலையும் மணித் தொழிலும் நடந்த ஓர் ஊரில், பானை வைத்திருந்த சாதாரண மனிதர்கள் எழுத்தறிந்திருந்தார்கள் என்று சொல்லலாம். கைவேலையும் எழுத்தும் ஒரே ஊரில், ஒரே மக்களிடம் இருந்திருக்கின்றன. பிற்காலத்தில் இரண்டையும் பிரித்து, கைவேலைக்காரனுக்கு எழுத்து எதற்கு என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி 1953இல் அரசாணையாகவே வந்தது. அதற்கு வருகிறேன்.

முதலில் பட்டறைக்குள் போவோம். கொல்லுப்பட்டறையில் ஒரு பையன் எப்படித் தொழில் கற்றான்? ஏழு, எட்டு வயதில் துருத்தி ஊதுவதற்கு உட்காருவான். ஊதி ஊதியே தீயின் நிறத்தைப் பார்க்கப் பழகுவான். கருஞ்சிவப்பு, செஞ்சிவப்பு, மஞ்சள் என்று இரும்பு மாறும்போது எந்த நிறத்தில் எடுக்க வேண்டும், எந்த நிறத்தில் தண்ணீரில் முக்க வேண்டும் என்பதைக் கண் கற்றுக்கொள்ளும். கொழுவுக்கு ஒரு பதம், அரிவாளுக்கு ஒரு பதம், கடப்பாரை நுனிக்கு வேறொரு பதம். பதம் கூடினால் உடையும், குறைந்தால் மழுங்கும். தோள் வலுத்த பிறகு சம்மட்டி பிடிப்பான். குறடு பிடித்திருக்கும் பெரியவர் சின்னச் சுத்தியலால் எங்கே தட்டுகிறாரோ அங்கே சம்மட்டி விழ வேண்டும். பேச்சே இருக்காது. பல வருடம் கழித்துத்தான் குறடு அவன் கைக்கு வரும். குறடு கைக்கு வந்த அன்று அவன் கொல்லன்.

இந்தப் படிப்பு உண்மையான படிப்பு. எந்தப் பொறியியல் கல்லூரிப் பாடத்துக்கும் குறைந்ததில்லை. ஆனால் இந்தப் பள்ளியில் சேர ஒரே தகுதி, அந்த வீட்டில் மகனாகப் பிறப்பது. மகளாகப் பிறந்தால்கூட இல்லை. பல பட்டறைகளில் மனைவிதான் துருத்தி ஊதுகிறார், சம்மட்டியும் அடிக்கிறார். ஆனாலும் கொல்லர் என்ற பெயர் கணவனுக்குத்தான். வருடக்கணக்கில் சம்மட்டி அடித்த கைக்குக் குறடு மாறவில்லை.

இனித் துருத்தியைப் பார்ப்போம். அது தோல். காற்று கசியாமல் தைத்த தோல் இல்லாவிட்டால் உலையில் தீ ஏறாது, தீ ஏறாவிட்டால் இரும்பு கனியாது. செத்த மாட்டைச் சுமப்பதும், உரிப்பதும், ஆவாரம் பட்டையில் தோலைப் பதனிடுவதும் கொங்குக் கிராமங்களில் யார் தலையில் சுமத்தப்பட்டன என்று இதைப் படிக்கும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மாதாரி என்றும் சக்கிலியர் என்றும் அழைக்கப்பட்டு இன்று அருந்ததியர் என்று நிமிர்ந்து நிற்கும் மக்கள்தான். கொல்லனின் உலைக்குக் காற்று கொடுத்தது அருந்ததியர் பதனிட்ட தோல். அந்தத் தொழிலுக்கும் நுட்பம் உண்டு. சுண்ணாம்பில் எத்தனை நாள், பட்டைச் சாற்றில் எத்தனை நாள், எந்த இடத்துத் தோல் வாருக்கு, எந்த இடத்துத் தோல் அடிப்பாகத்துக்கு என்று. அதுவும் அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்ததுதான். அதற்கு மட்டும் யாரும் வீணை வாசிக்கவில்லை.

கவலை ஏற்றத்தைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். கொங்கு நாடு மழை குறைந்த பூமி. கிணறுகள் ஆழமானவை. ஒரு சோடி எருது சரிவில் இறங்க, வடம் இழுக்க, தண்ணீர் மேலே வரும். மேலே வரும் சால் இரும்புத் தகட்டால் ஆனது, கொல்லர் செய்தது. சாலின் அடியில் யானைத் தும்பிக்கை போலத் தொங்கி வாய்க்காலில் தண்ணீரைக் கொட்டும் பகுதி தோல், மாதாரி செய்தது. இரண்டும் ஒரே கருவியின் இரண்டு பாதி. இரண்டில் எது பழுதானாலும் அன்று வயலுக்குத் தண்ணீர் இல்லை. இருவருக்குமே கூலி களத்தில் அளக்கும் தானியம்தான். பிரெண்டா பெக் 1960களில் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்து, 1972இல் வெளியிட்ட நூலில் கொங்குச் சாதிகளை வலங்கை, இடங்கை என்று பிரித்துக் காட்டினார். அதில் ஆசாரியும் இடங்கை, மாதாரியும் இடங்கை. ஒரே கை என்றார்கள். ஆனால் ஒருவர் ஊருக்குள், மற்றவர் வளவில்.

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது ஒன்று உண்டு. பண்ணையத்து மண்வெட்டியைச் சாணை பிடிக்கவோ காம்பு போடவோ எடுத்துப் போனால், பட்டறைக்கு வெளியே தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். வேலை முடிந்ததும் தரையில்தான் போடுவார்கள், குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். பட்டறைக்குள் ஊதிக்கொண்டிருந்த துருத்தியின் தோல் மட்டும் தீட்டில்லாமல் உள்ளே இருந்தது.

கம்மாளரும் ஒடுக்கப்பட்டவர்கள்தானே என்று சில தோழர்கள் கேட்கலாம். ஆம், செருப்புக்கு ஆணை வாங்க வேண்டியிருந்தவர்கள் ஒடுக்கப்பட்டவர்கள்தான். நிலம் இல்லை, அதிகாரம் இல்லை. ஆனால் அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ உரையில் சொன்னது இங்கே அப்படியே பொருந்துகிறது: சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரிப்பது, பிரித்து ஒருவர் மேல் ஒருவராக அடுக்குவது. ஒரு படி மேலே ஏற ஆணை கிடைத்தவர், கீழ்ப்படியில் இருப்பவருக்கும் அதே ஆணை வேண்டும் என்று கேட்கவில்லை. இதில் கம்மாளரைத் தனியாகக் குறை சொல்லிப் பயனில்லை. நம்முடைய பட்டியல் சாதிகளுக்குள்ளேயே அதே அடுக்கு இருப்பது நமக்குத் தெரியும். 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது யார் யார் என்ன பேசினார்கள் என்பதும் நினைவிருக்கிறது.

இந்த அடுக்கைக் காலனியும் கலைக்கவில்லை. 1830இல் ஜோசையா ஹீத் என்பவர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிச் சேலத்துத் தாதுவை உருக்கப் பார்த்தார். நீடிக்கவில்லை. சீமை இரும்பு கப்பலில் மலிவாக வந்து இறங்கியது. 1882இன் சென்னை வனச் சட்டம் காட்டுக்குள் கரி சுடப் போனவர்களைத் திருடர்களாக்கியது. உருக்கும் தொழில் செத்தது, அடிக்கும் தொழில் மிஞ்சியது. சேலத்து மலையில் பிறந்த இரும்புக்குப் பதில் பழைய தண்டவாளமும் வண்டிப் பட்டையும் உலைக்கு வந்தன.

பிறகு கோயம்புத்தூர் எழுந்தது. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்தது. பஞ்சாலைகள் பெருகின, ஆலைகளுக்கு உதிரிபாகம் தேவைப்பட்டது, பட்டறைகள் முளைத்தன, வார்ப்பாலைகள் வந்தன. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் இங்கேயே மின்மோட்டார் செய்தார்கள். கிணற்றுக்கு மோட்டார் வந்தது, கவலை நின்றது.

கவலை நின்றபோது இரண்டு பாதிகளுக்கும் என்ன ஆனது என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த விஷயம். சால் செய்த கை லேத் பக்கம் போக முடிந்தது. இரும்பு தெரிந்த கைக்கு இரும்பு நகரத்தில் வேலை இருந்தது. எல்லாக் கொல்லரும் வாழ்ந்துவிடவில்லை, பெரும்பாலோர் கூலிகளாகத்தான் போனார்கள். ஆனாலும் போக ஒரு பாதை இருந்தது. தோல் பாதி அப்படியே அறுந்து விழுந்தது. அந்த நுட்பத்தைக் கேட்க எந்தத் தொழிற்சாலையும் வளவுக்கு வரவில்லை. மிஞ்சியது பண்ணையம். பொருளியலாளர் ஜூடித் ஹேயர் 1981–82இல் தொடங்கி கோவை, திருப்பூர்ப் பகுதிக் கிராமங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்து ஆய்வு செய்தார். சுற்றிலும் தொழில் வளர்ந்துகொண்டிருந்த அந்த 1981–82இலும் அருந்ததியர் முன்பணக் கடனால் கட்டப்பட்ட பண்ணையாட்களாக இருந்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். மற்ற சாதிகள் ஆலைக்கும் பனியன் கம்பெனிக்கும் போன பிறகும் அவர்கள் நெடுங்காலம் வயலிலேயே நிறுத்தப்பட்டார்கள்.

அதே காலத்தில் இரும்பு யார் யார் கைக்கு மாறியது என்றும் பாருங்கள். ஜி.டி. நாயுடு சூலூர் பக்கம் கலங்கலில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. ஒரு மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதை வாங்கி, பிரித்துப் பிரித்துப் பூட்டிக் கற்றார். பெரிய மனிதர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் ஸ்பேனரைத் தொட்டபோது ‘உன் அப்பன் கொல்லனா?’ என்று யாரும் கேட்கவில்லை. கோவையின் வார்ப்பாலைகளையும் பம்புசெட் கம்பெனிகளையும் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் நிலம் வைத்திருந்த சாதிகள், இரும்புக் குடும்பங்கள் அல்ல. பிறப்பால் வந்ததாகச் சொல்லப்பட்ட தொழிலை ஒரே தலைமுறையில் கற்றுக்கொண்டார்கள். நிலமும் முதலும் இருந்தவருக்கு அந்தச் சுவர் எப்போதுமே இருக்கவில்லை.

இப்போது 1953. ராஜாஜி முதலமைச்சர். கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து இரண்டு முறையாக்கினார். மீதி நேரம் பிள்ளைகள் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். பணம் இல்லை, இருக்கிற பள்ளிகளில் இரண்டு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம், கைத்தொழிலுக்கும் மதிப்பு வரும் என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். கொல்லன் மகன் துருத்திக்குப் போவான், சரி. வளவுப் பிள்ளை அந்த மீதி நேரத்தில் எங்கே போவான்? செத்த மாட்டுக்கும் பண்ணையத்துச் சாணிக்கும்தான். பெரியார் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரே திட்டத்தைக் கொன்றது. அவருடைய ஈரோட்டிலேயே எதிர்ப்பு மாநாடு கூடியது. 1954 ஏப்ரலில் காமராசர் முதல்வரானார். மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. கைவிடுவதாக அறிவித்த கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம், பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்துக்காரர், ராஜாஜியின் அமைச்சரவையிலும் இருந்தவர். திட்டத்தை எதிர்த்தவரும் கொங்கு, முடித்து வைத்தவரும் கொங்கு. 

எழுபது வருடம் கழித்து அதே விஷயம் படிவமாக வந்தது. 2023 செப்டம்பர் 17, விஸ்வகர்மா ஜெயந்தி அன்று ஒன்றிய அரசு பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. கொல்லர், தட்டார், பூட்டுச் செய்பவர், செருப்புத் தைப்பவர், முடி திருத்துபவர், சலவை செய்பவர் என 18 தொழில்கள். 5 சதவீத வட்டியில் முதலில் 1 லட்சம், பிறகு 2 லட்சம் கடன். கருவி வாங்க 15,000 ரூபாய். குறைந்தபட்ச வயது 18. தொழில் குடும்ப வழியில் வந்த மரபுத் தொழிலாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பதினெட்டு வயது என்பது கல்லூரிக்குப் போக வேண்டிய வயது. குடும்ப வழி என்ற நிபந்தனையை நீக்க வேண்டும், வயதை 35 ஆக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு கேட்டது. ஏற்கப்படவில்லை. 2024 நவம்பரில், இப்போதுள்ள வடிவத்தில் செயல்படுத்த மாட்டோம் என்று முதல்வர் மு.க. ஸ்டாலின் ஒன்றிய அமைச்சர் ஜிதன் ராம் மாஞ்சிக்கு எழுதினார். மாஞ்சி பீகாரின் முசகர் சாதியில், நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர். குலத்தொழிலை விட்டு வெளியே வந்ததால்தான் அவர் அமைச்சர். அந்த நாற்காலியிலிருந்து இந்த நிபந்தனையைப் பாதுகாக்க வேண்டியிருந்தது காலத்தின் கோலம்.

பதிலுக்கு வந்த கலைஞர் கைவினைத் திட்டம் 2025 ஏப்ரலில் தொடங்கியது. 25 தொழில்கள், 35 வயதுக்கு மேல், 3 லட்சம் வரை கடன், 25 சதவீதம் மானியம், அதிகபட்சம் 50,000 ரூபாய். குடும்பத் தொழிலா என்ற கேள்வி இல்லை. இதை வரவேற்கிறேன். வரவேற்றுவிட்டு ஒரு கேள்வியும் கேட்கிறேன். கோவையில் மலக்குழிக்கும் துடைப்பத்துக்கும் அப்பாவிடமிருந்து மகனுக்கு, அம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும் வேலையை எந்தப் படிவமும் ‘குடும்பத் தொழில்’ என்று அழைப்பதில்லை. அழைக்காமலே அது பரம்பரையாகத் தொடர்கிறது. மாநில அரசு அந்தப் பரம்பரையை உடைக்க எத்தனை லட்சம் கடன் தருகிறது?

இன்று கொல்லுப்பட்டறைகளில் துருத்தி அநேகமாக இல்லை, மின்சார ஊதுகாற்றி வந்துவிட்டது. கொல்லர் வீட்டுப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள், போகத்தான் வேண்டும். வார்ப்பாலையில் மணல் அச்சு இடித்து, உருகிய இரும்பைச் சுமந்து ஊற்றுபவர்களில் பீகார், ஒடிசா பிள்ளைகள் ஏராளம். அவர்களில் எவன் அப்பாவும் வார்ப்பாலையில் நின்றவரல்ல. சில மாதங்களில் கற்றுக்கொள்கிறார்கள். நம் பிள்ளைகள் அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், டர்னர், வெல்டர் படித்துவிட்டு வெளியே வந்து, மைக்ரோமீட்டரில் நூறில் ஒரு மில்லிமீட்டர் பார்க்கிறார்கள். அவர்களுக்கும் எந்தத் தாத்தாவும் சொல்லித் தரவில்லை. பெண்கள் ஃபிட்டராக வருவது இன்னும் குறைவுதான், அந்தக் குறடு இன்னும் முழுதாகக் கைமாறவில்லை.

கரூர்ப் பக்கம் போகும் தோழர்கள் அந்தக் கல்வெட்டைத் தேடிப் பாருங்கள். ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ மூன்றாம் தொகுதியில் 1899இலேயே அது அச்சாகிவிட்டது. சென்னை மாகாணத்தில் நம் மக்கள் கோயிலுக்குள் நுழையலாம் என்று பொதுச் சட்டம் வந்தது 1947இல். ஜெர்மனியில் பிறந்த ஹூல்ஷ் துரை கம்மாளரின் செருப்பு உரிமையை அச்சிட்டு ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்துத்தான், செருப்புத் தைத்தவரின் பிள்ளை அந்தச் சுவருக்குப் பக்கத்தில் போய் நிற்கச் சட்டம் அனுமதித்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும், எல்லாரும்.